எட்டாம் பாகத்தோடு கதை நிறைவுற்றது

1993ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் தென்பாண்டி மாயக்கதை வாசகர் மன்றத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் கூடியது. வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடமும் வருமாறு:

கைவைத்த நாற்காலியில் தலைவர் காசிராஜன். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். அவருக்கு வலப்பக்கம், கையில்லாத ஆனால் டர்க்கி டவல் விரித்த நாற்காலியில் புரவலர் வைகுண்டராஜ், ராஜபாளையத்தில் டி.வி. கடை முதலாளி. இடப்பக்கம் செயலாளர் சுப்புராஜ், வக்கீல் குமாஸ்தா. அவர் மடியில் ரப்பர் ஸ்டாம்புப் பெட்டி, காலடியில் அரக்கும் மெழுகுவர்த்தியும். முதல் வரிசையில், டைப் அடிக்கப் பழகுகிறவர்கள் உட்காரும் குட்டை ஸ்டூல்களில் துணைத்தலைவர்கள் ஏழு பேர். இரண்டாம் வரிசையில் இணைச்செயலாளர்கள் ஒன்பது பேர். மூன்றாம் வரிசையிலும் அதற்குப் பின்னாலும் ஆலோசகர்கள், சிறப்பு ஆலோசகர்கள். ஜன்னலோரம், காற்று வரும் இடமாகப் பார்த்து, மகளிர் அணி. அதாவது, பரிபூரணம் டீச்சர். கடைசியாக மாடிப்படி வாசலில், பழுதான டைப்ரைட்டர் கிடந்த மரப்பெட்டியின் மேல் தவசிமுத்து. அந்தக் கூட்டத்தில் பதவி எதுவும் இல்லாத ஒரே உறுப்பினர் அவர்தான்.

உட்காருவதற்கு முன் எல்லோரும் வாசலில் இருந்த நோட்டில் வரிசையெண் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார்கள். அது மன்றத்தின் சட்டம். கையெழுத்துப் போட்டவருக்குத்தான் கேசரி.

தவசிமுத்து ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஸ்டோர் கீப்பர். பதினோராம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டாலும், அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கட்டம் பிரித்து எழுதப் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா பழக்கிய பழக்கம் நிற்கவில்லை. மாதாமாதம் அஞ்சாம் தேதி கார்முகில் காமிக்ஸ் வரும். சொல்ல ஏதாவது இருந்தால் ஆறாம் தேதி ஆசிரியருக்குக் கடிதம் போகும். எழுதிய ஒவ்வொன்றுக்கும் கார்பன் நகலும் எண்ணும் உண்டு. பத்து வருடத்தில் அறுபத்து மூன்று கடிதம் எழுதி, அதில் பதினொன்று அச்சில் வந்திருந்தது. நாற்பதாம் எண் கடிதத்தில், பறக்கும் நாகத்துக்கு முப்பத்திரண்டாம் பக்கத்தில் நான்கு சிறகும் முப்பத்து மூன்றாம் பக்கத்தில் இரண்டு சிறகும் இருப்பதைச் சுட்டிக் காட்டியிருந்தார். ஆசிரியர் வருத்தம் தெரிவித்துப் பதில் போட்டிருந்தார். அந்தக் காலம் அப்படி இருந்தது.

அந்தக் காமிக்ஸில் 'ஒன்பதாம் கோட்டை' என்று ஒரு தொடர் வந்தது. வெளிநாட்டுக் கதை, மொத்தம் ஒன்பது பாகம். ஓர்வின் என்ற கண் தெரியாத வீரன், சூனியக்காரியின் ஒன்பது கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கடந்து போகிறான். தவசிமுத்துவின் மனைவி பாலம்மாள் பேண்டேஜ் துணி சுற்றும் கம்பெனியில் வேலை பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு தவசிமுத்து கட்டம் கட்டமாக விரல் வைத்து வாசிப்பார். அவள் காலை நீட்டி உட்கார்ந்து கேட்பாள். எட்டுப் பாகம் இப்படிக் கேட்டிருக்கிறாள். எட்டாம் பாகத்தின் கடைசிக் கட்டத்தில் கயிற்றுப் பாலம் தீப்பிடித்து அறுந்து, ஓர்வின் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி பள்ளத்தை நோக்கிப் போகிறான். முடிவு ஒன்பதாம் பாகத்தில் என்று பின்னட்டையின் உள்பக்கத்தில், பல்பொடி விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. அது 1992 பிப்ரவரி.

ஒன்பதாம் பாகம் வரவில்லை. மார்ச்சில் வரவில்லை, ஏப்ரலில் வரவில்லை. "விழுந்தானா, பொழைச்சானா?" என்று பாலம்மாள் முதலில் வாரம் ஒருமுறை கேட்டாள். பிறகு சோறு போடும்போதெல்லாம் கேட்டாள். ஜூன் இதழில் ஆசிரியர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். வாசகர்கள் எட்டாம் பாகத்தோடு கதை நிறைவாக முடிந்ததாகக் கருதுவதால் ஒன்பதாம் பாகம் வெளியிடப்படாது; அதற்குப் பதில், தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் வெற்றிநடை போடும் மாயாஜாலத் தொடர், படக்கதையாக வெளிவரும்.

அந்தத் தொடரைத் தவசிமுத்து பக்கத்து வீட்டில் நான்கு வாரம் பார்த்திருந்தார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய இளவரசியின் மேற்கையில் அம்மை குத்திய தழும்பு இருந்தது. ராணி சாய்ந்தால் கோட்டைச் சுவர் ஆடியது. மந்திரவாதி சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிந்து வந்தபோதும் சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிறு போன ஞாயிற்றின் சிரிப்பிலிருந்து தொடங்கினார்கள். அதையே படக்கதையாகப் போட்டபோது, சிரிப்புக்கு மட்டும் ஆறு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். தவசிமுத்து ஹா, ஹி இரண்டையும் எண்ணிப் பார்த்தார். இருநூற்றுப் பதினான்கு வந்தது. மாத நாவல்களாவது உருப்படியாக இருக்குமா என்று பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிப் படித்தார். ஒன்றில் பிசாசு பழிவாங்கியது. கடைசிப் பக்கத்தில் கதாநாயகி கண் விழித்தாள், அம்புட்டும் கனவு. அடுத்ததில் கதாநாயகன் கண் விழித்தான். மூன்றாவதை அவர் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் யாரோ கண் விழித்துக்கொண்டிருந்தார்கள். வாயில் ஈ போன மாதிரி இருந்தது அவருக்கு.

அறுபத்து நாலாம் எண் கடிதத்தில் இதையெல்லாம் எழுதினார். அது அப்படியே திரும்பி வந்தது. கூடவே அச்சடித்த சீட்டு: கருத்துகள் இனி அந்தந்தப் பகுதி வாசகர் மன்றத்தின் வழியாக, முத்திரையுடன் வந்தால் மட்டுமே ஏற்கப்படும். அறுபத்தைந்தாம் கடிதத்தோடும் அதே சீட்டு வந்தது.

ஆகவே 1993 ஜனவரியில் தவசிமுத்து மன்றத்தில் சேரப் போனார். மன்றத்தை அவர் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தார். போன வருடம் மார்ச்சில் ஏதோ வாசகர் சந்திப்பு என்று கேள்விப்பட்டுப் போய், வாசலில் கையெழுத்துப் போட்டு, கேசரி சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் பொன்னாடை போர்த்துவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இப்போது நேர்முகத் தேர்வு வைத்தார்கள். மூன்று துணைத்தலைவர்கள் கேள்வி கேட்டார்கள். தலைவரின் முழுப்பெயர் என்ன, தலைவரின் மண்டபத்தில் எத்தனை பேர் பந்தியில் உட்காரலாம், மன்றச் சட்டத்தில் விதி எத்தனை. புத்தகத்தைப் பற்றி ஏதாவது கேட்பார்கள் என்று தவசிமுத்து காத்திருந்தார். கடைசியில் ஒருவர் கேட்டார், நீங்கள் படிப்பீர்களா என்று. படிப்பேன் என்றார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படிக்கிற ஆள் உள்ளே வந்தால் பிரச்சினை பண்ணுவான் என்று முன் அனுபவம் இருந்ததாம். பரிபூரணம் டீச்சரைத்தான் சொன்னார்கள்.

சேர்ந்த பிறகு கருத்துப் படிவம் கொடுத்தார்கள். அதில் மூன்று கட்டம் இருந்தது: அருமை, மிக அருமை, மிகமிக அருமை. ஏதாவது ஒன்றில் டிக் செய்ய வேண்டும். தவசிமுத்து மூன்றுக்கும் கீழே ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, அருவருப்பு என்று எழுதி, அதில் டிக் செய்தார். படிவத்தைச் சேதப்படுத்தியதாக அவர் மேல் விசாரணை வந்தது. கருத்து ஒழுங்குக் குழு மூன்று தடவை கூடியது. முதல் தடவை குழுத் தலைவர் வரவில்லை. இரண்டாம் தடவை குழுத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மூன்றாம் தடவை, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பார்த்து, அவரை மன்னித்து, ஆண்டுப் பொதுக்கூட்டக் கடிதத்தை எழுதும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார்கள். ஆசிரியருக்கு மன்றத்தின் கருத்து போக வேண்டும், ஒரு பக்கத்துக்குக் குறையக் கூடாது, முதல் வரியில் மாண்புமிகு இருக்க வேண்டும். மற்றது உம்ம இஷ்டம் என்றார் சுப்புராஜ். மாதிரி பார்த்துக்கொள்ளப் பழைய ஃபைலையும் கொடுத்தார்.

ஃபைலை வீட்டில் பிரித்தபோதுதான் அந்தக் கடிதத்தின் நகல் கிடைத்தது. 1992 மார்ச் தேதியிட்டது.

'ஒன்பதாம் கோட்டை எட்டாம் பாகத்தோடு வெகு நிறைவாக முடிந்தது கண்டு மன்றத்தார் அனைவரும் ஆனந்தக் கண்ணீர் வடித்தோம். இறுதிப் படத்தில் வீரன் வெற்றிப் புன்னகையோடு காட்சி தருவது எங்கள் நெஞ்சை விட்டு அகலாது. இதற்கு மேல் வாசகர்க்கு என்ன வேண்டும்.' கீழே காசிராஜன், தலைவர். அதன் பின்னால், மேற்படி கருத்தை ஏகமனதாக ஆதரிப்போர் என்ற தலைப்பில் நாற்பத்தொரு கையெழுத்து.

புன்னகை என்றதும் தவசிமுத்து எட்டாம் பாகத்தை எடுத்துக் கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். பல் தெரிந்தது வாஸ்தவம்தான். ஒரு கையில் உடம்புப் பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு பள்ளத்துக்குள் போகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். காசிராஜன் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்து, பின்னட்டையைத் திருப்பாமல் மூடியிருக்கிறார்.

பிறகு கையெழுத்துகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இருபத்திரண்டாவது, மின்வாரியத்திலிருந்து அன்று மீட்டர் பார்க்க வந்தவர். இருபத்து மூன்று, டைப்ரைட்டிங் வாத்தியார். பதினேழாவது கையெழுத்துக்குத் திரும்பி வந்து நின்றார். வெ. தவசிமுத்து. அன்று கேசரிக்காகப் போட்டது. வாசல் நோட்டுத் தாளைக் கிழித்துக் கடிதத்தோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள்.

பாலம்மாளிடம் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தார். அன்று சோறு போடும்போதும் அவள் கேட்டதால் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அந்தக் குருட்டுப்பயலை நீங்கதான் தள்ளி விட்டிருக்கீய."

"தெரியாம நடந்துபோச்சு."

"ஒரு கரண்டி கேசரிக்கு," என்றாள். பிறகு கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டு, "முந்திரியாவது கெடந்துச்சா?" என்று கேட்டாள்.

இல்லை என்றார். தவசிமுத்து கடிதம் எழுத உட்கார்ந்தார். இரண்டு நாள் எழுதினார். எண் அறுபத்தாறு.

ஏமாற்றி எதையும் அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் அவருக்குக் கிடையாது. பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும், ஆட்சேபம் வந்தால் பதில் சொல்ல வேண்டும், எட்டாம் பாகத்தைக் கையிலேயே வைத்திருந்து கடைசிக் கட்டத்தைக் காட்ட வேண்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை காலை ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினார்.

கூட்டம் பொன்னாடையில் தொடங்கியது. ஏழு துணைத்தலைவர்களும் தலைவருக்குப் போர்த்தினார்கள். தலைவர் ஏழு பேருக்கும் போர்த்தினார். துணி ஒன்றுதான், ஒவ்வொரு தடவையும் சுப்புராஜ் பின்பக்கமாக உருவி, மடித்து, முன்பக்கமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஃபோட்டோக்காரர் ஒவ்வொன்றுக்கும் பளிச்சென்று விளக்கடித்தார்.

புரவலர் வைகுண்டராஜ் பேசும்போது, தனக்கும் மாயக்கதைக்கும் உள்ள உறவு சின்ன வயதிலிருந்தே உண்டு என்றார். புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வந்துவிடும், அது என்ன மாயமோ என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"புஸ்தகத்துல படம் நிக்கி. டி.வி.யில படம் ஓடுது. நிக்கிறது பெருசா, ஓடுறது பெருசா? நீங்களே சொல்லுங்க. ஓடுறதைப் புடிச்சு மறுபடியும் புஸ்தகத்துல நிப்பாட்டியிருக்காரு ஆசிரியரு. அவருக்கு நன்றி சொல்லணும்னு நான்தான் தலைவர்கிட்டச் சொன்னேன். இது விளம்பரம்னு யாரும் நெனைக்கக் கூடாது. நம்ம கடை காந்தி சிலைக்கு எதுத்தாப்புல இருக்கு, அம்புட்டுதான்."

அடுத்துத் தலைவர் எழுந்தார். அவர் எழுந்ததும் முதல் வரிசை எழுந்தது. முதல் வரிசையைப் பார்த்து மற்ற வரிசைகளும் எழுந்தன. உட்காரச் சொல்ல அவர் மறந்துவிட்டதால் பேச்சு முடியும்வரை எல்லோரும் நின்றார்கள்.

"நான் புஸ்தகம் படிக்கிற ஆளுன்னு யாராச்சும் நெனைச்சிருந்தா அதை இன்னைக்கே மாத்திக்கிடுங்க," என்றார் காசிராஜன். "ஒண்ணைப் படிச்சா ஒரு பக்கமாச் சாஞ்சிருவோம். நல்லாயிருக்குன்னு தோணும், இல்லாட்டி நல்லா இல்லைன்னு தோணும். தலைவன்னா நடுநிலை வேணும். பதினாலு வருசமா அந்த நடுநிலையக் காப்பாத்திக்கிட்டு வாரேன். எத்தனையோ பேரு புஸ்தகத்தை அன்பளிப்பா வீட்டுக்கே கொண்டாந்து குடுத்தாவ. ஒரு பக்கம் புரட்டினது கிடையாது. கடைசிப் பக்கத்தை மட்டும் பாப்பேன். அது மரியாதைக்கு."

ஜன்னலோரத்திலிருந்து பரிபூரணம் டீச்சர், பின்னட்டை மரியாதையில் சேராதா அண்ணாச்சி என்று கேட்டார். கூட்டத்தில் ஒன்பதாம் கோட்டையை எட்டுப் பாகமும் படித்திருந்த இன்னொரு ஆள் அவர் ஒருவர்தான். போன வருடம் மார்ச்சில் காய்ச்சலில் படுத்திருந்ததால், அந்த நாற்பத்தொன்றில் அவர் பெயர் மட்டும் இல்லை. மகளிர் அணிக்கு மாலை நான்கு மணிக்கு மேல்தான் பேச வாய்ப்பு என்று சுப்புராஜ் நினைவுபடுத்தினார். கூட்டம் பன்னிரண்டு மணிக்கு முடிவதாக அழைப்பிதழில் இருந்தது.

பிறகு தீர்மானம். ஆசிரியருக்கு மன்றத்தின் கருத்துக் கடிதம் அனுப்புவது. சுப்புராஜ் கடிதம் எங்கே என்றார். தவசிமுத்து வாசலிலிருந்து எழுந்து, ஸ்டூல்களுக்கு நடுவே வழி கேட்டு முன்னால் வந்து, நான்கு பக்கத்தையும் பிரித்துப் பிடித்தார்.

"வாசிக்கட்டுமா அண்ணாச்சி?"

"எதுக்கு?" என்றார் சுப்புராஜ்.

"எல்லாரும் கேக்கணும்ல."

"ஏலே, வாசிச்சா விவாதம் வரும். விவாதம் வந்தா ஏகமனது போயிரும். ஏகமனது போயிட்டா கடுதாசிக்கு என்ன மதிப்பு? கோர்ட்ல முப்பது வருசம் பாத்தவன் சொல்லுதேன்."

முதல் பாராவையாவது வாசிக்கிறேன் என்றார் தவசிமுத்து. கூட்டத்தில் எதையும் வாசிக்கக் கூடாது என்று விதி பதினொன்று இருப்பதாக இணைச்செயலாளர் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தார். அப்படியானால் தலைவர் மட்டும் தனியாகப் பார்த்துவிடட்டும் என்று தவசிமுத்து தாளை நீட்டினார். காசிராஜனின் முகம் சிவந்துவிட்டது. இப்போதுதானே நடுநிலையைப் பற்றி அம்புட்டு நேரம் பேசினேன், பேசி வாய் மூடுவதற்குள் என்னைப் படிக்கச் சொல்கிறாரே என்று பக்கத்தில் இருந்தவரிடம் குறைப்பட்டார். தவசிமுத்து மன்னிப்புக் கேட்டார்.

ஆட்சேபம் உண்டா என்று சுப்புராஜ் மூன்று தடவை ஏலம் விடுகிற மாதிரி கேட்டார். தவசிமுத்து நின்றுகொண்டே இருந்தார். யாராவது ஒருவர், அந்த அறுபத்திரண்டு பேரில் ஒரே ஒருவர், அதில் என்னப்பா எழுதியிருக்கிறாய் என்று கேட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு. பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். கேசரி ஆறுகிறது என்றார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கடிதத்தில் இருந்தது இது:

'மாண்புமிகு ஆசிரியர் அவர்களுக்கு. சென்ற ஆண்டு மார்ச்சில் இம்மன்றம் அனுப்பிய கடிதம் தவறானது. ஒன்பதாம் கோட்டை முடியவில்லை. ஓர்வின் புன்னகைக்கவில்லை, விழுந்துகொண்டிருக்கிறான். பத்தொன்பது மாதமாக விழுந்துகொண்டிருக்கிறான். எங்கள் தலைவர் கடைசிப் பக்கத்தைத் தவிர வேறெதையும் பார்த்தவர் அல்லர். ஆதரித்துக் கையெழுத்திட்ட நாற்பத்தொரு பேரில் கதையைப் படித்தவன் நான் ஒருவன். நானும் கேசரிக்காகவே கையெழுத்திட்டேன். இக்கடிதத்தின் பின்னால் உள்ள கையெழுத்துகளும் அவ்வாறு பெறப்பட்டவையே. தொலைக்காட்சித் தொடரைப் படக்கதையாக வெளியிடுவது, ஒருவர் மென்று துப்பியதை இலை போட்டுப் பரிமாறுவது போன்றது. ஆறு பக்கம் சிரிப்பு எதற்கு? கனவு கண்டு விழிப்பதற்கு மாத நாவல் எதற்கு? படிக்கிறவனை இவ்வளவு மட்டமாக நினைக்கலாம் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் எங்கள் மன்றத்தார்தாம், அதற்காக வெட்கப்படுகிறேன். ஒன்பதாம் பாகத்தை வெளியிடுங்கள். நல்ல தாளில் வேண்டாம், வண்ண அட்டை வேண்டாம். என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.'

நான்கு பக்கத்தின் சுருக்கம் இது. சிறகு எண்ணிக்கை, தழும்பு, ஆடுகிற சுவர் எல்லாம் பக்க எண்ணோடும் தேதியோடும் விவரமாக இருந்தன.

சுப்புராஜ் வாசல் நோட்டிலிருந்து அன்றைய தாள்களைக் கிழித்துக் கடிதத்தின் பின்னால் வைத்துத் தைத்தார். அறுபத்திரண்டு கையெழுத்து. தலைவர் கடைசித் தாளை வாங்கி, எங்கே கையெழுத்துப் போட என்று கேட்டுப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் யோசித்தார். நான்கு பக்கக் கடிதம் போகிறதே, இதை யாரோ மில்காரர் எழுதியதாக ஆசிரியர் நினைத்துவிடக் கூடாது என்றார். கையெழுத்துக்குக் கீழே தன் கைப்பட எழுதினார்: 'மேலே கண்டவை ஒவ்வொரு சொல்லும் என் சொந்தக் கருத்து. என் நேரடிப் பார்வையில் எழுதப்பட்டது. இதில் ஒரு வரியும் மாற்றாமல் வெளியிடக் கோருகிறேன்.'

"அண்ணாச்சி, ஒருதரம் மேல பாத்துட்டு..." என்று ஆரம்பித்தார் தவசிமுத்து.

"தம்பிக்கு வருத்தம் போல," என்றார் தலைவர் மற்றவர்களைப் பார்த்து. "அடுத்த வருசம் உம்மையும் ஆலோசகராப் போட்டுருதேன், போதுமா?"

உறைக்குள் போட்டார்கள். சுப்புராஜ் ஒரு டைப்ரைட்டரின் ரெக்ஸின் உறை மேல் அதை வைத்து, மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டி உருக்கினார். முத்திரை வைப்பது தலைவரின் உரிமை. காசிராஜன் பித்தளை முத்திரையை அழுத்தினார். ஃபோட்டோக்காரர் செத்தப் பொறுங்க என்று லென்ஸைத் திருகிய நேரத்தில், கொதிக்கிற அரக்கு அவர் கட்டைவிரலில் ஏறியது. உரிமையை விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஃபோட்டோக்காரர் அப்படியே இருங்க தலைவரே, சிரிப்பு நல்லா வந்திருக்கு என்று விளக்கடித்தார்.

பரிபூரணம் டீச்சர் ஜன்னலை விட்டு எழுந்து வந்து, எட்டாம் பாகத்தைத் தவசிமுத்துவிடமிருந்து வாங்கிக் கடைசிக் கட்டத்தைத் திறந்து, தலைவரின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

பேருந்து நிலைய வாசலில் இருந்த தபால் பெட்டிவரை ஊர்வலமாகப் போனார்கள். முன்னால் தலைவர், விரலை வாயில் வைத்தபடி. பின்னால் பதவி வாரியாக மற்றவர்கள். கடைசியில் தவசிமுத்து. மதுரை பஸ் ஒன்று இவர்கள் கடக்கட்டும் என்று நின்றது. பெட்டியின் வாயில் உறை பாதி நுழைந்து நின்றதும், உள்ளே தள்ள இரண்டு துணைத்தலைவர்களுக்குள் போட்டி வந்து, இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். காலிப் பெட்டி. உறை அடியில் போய் விழுந்த சத்தம் கடைசியில் நின்ற தவசிமுத்து வரைக்கும் கேட்டது.

எல்லோரும் கேசரிக்காக மாடி ஏறியபின் அவர் மட்டும் பெட்டி முன் நின்றார். அடுத்த தபால் எடுக்கும் நேரம், திங்கள் காலை ஆறரை என்று பெட்டியில் இருந்தது. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, அறுபத்தாறு என்று எழுதியிருந்த வரிக்கு நேரே, அனுப்பப்பட்டது என்று எழுதிக்கொண்டார்.